பேயாடிக்குப்பம் என்று ஒரு ஊர்

பிரசவ விடுப்பு முடிந்து திங்கட்கிழமை நான் பள்ளிக்குத் திரும்ப வேண்டும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் திண்டாடியபோது, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மாள் ஒரு அக்காவை அனுப்பிவைத்தார். சுத்தமான கை, நிதானமான பேச்சு. அவர் மடிக்குப் போனதும் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. எந்த ஊர் என்று நான் கேட்கும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"பேயாடிக்குப்பம்ங்க."

நான் அறிவியல் டீச்சர். பேய் இல்லை என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அவர்களில் யாரும் என் பிள்ளை இல்லை.

"ஏங்க்கா அப்படி ஒரு பேரு?" என்றேன், சும்மா கேட்பதுபோல.

"ஏரிக்கரையில ஒரு புளியமரங்க. அதுல பொம்பளப் பேய் ஒண்ணு ஊஞ்சலாடிக்கினு இருக்கும்னு சொல்லுவாங்க."

குழந்தையை மெல்ல என் மடிக்கு மாற்றிக்கொண்டேன். "இப்பவும் ஆடுதா?"

"இப்ப எங்கங்க? ஊரையே மைன்ஸுக்கு எடுத்துக்கினாங்களே. எங்களுக்கு வேற எடத்துல மனை குடுத்தாங்க. அம்மனையும் ஊர்ப் பேரையும் தூக்கிக்கினு வந்துட்டோம்."

"பேய்?"

"அதுக்கு ஏதுங்க பட்டா? பட்டா இருந்தவங்களுக்குத்தான் மனை. குடுங்க டீச்சர், புள்ள அழுவுது பாருங்க."

கொடுத்தேன். பேய் அக்காவோடு வரவில்லை என்ற நிம்மதி மதியம் வரை இருந்தது. மதியம் என் கணவர் ஷிஃப்டுக்குக் கிளம்பினார். அதே நிலக்கரி மைன்ஸில்தான் அவருக்கு வேலை.

"பேயாடிக்குப்பம்னு ஒரு ஊர் இருந்துச்சாமே, தெரியுமாங்க?"

"தெரியுமாவா? எங்க மெஷின் இப்ப அங்கதான் வெட்டிக்கிட்டிருக்கு."

"அங்க ஒரு புளியமரம்..."

"மரமா? எல்லாம் பள்ளம்டி."

ஆடிக்கொண்டிருந்த மரமும் போய், மனையும் கிடைக்காமல், அந்தப் பேய் எவ்வளவு கோபத்தில் இருக்கும்! சாமி படத்தின் முன்னால் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து எடுத்து, அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டுப் பைக்குள் போட்டேன்.

திரும்பி வந்தவர் முழு உடம்போடுதான் வந்தார். நல்ல உற்சாகம் வேறு.

"எலுமிச்சம்பழம் வச்சியே, வெயிலுக்கு அமிர்தமா இருந்துச்சு. மோர்ல புழிஞ்சு நாலு பேரு குடிச்சோம்."

பழத்தைக் குடித்தால் காவல் போய்விடுமா, இல்லை வயிற்றுக்குள் இருப்பதால் இன்னும் பலமா? யாரிடம் கேட்பது?

திங்கட்கிழமை குழந்தையை அக்கா கையில் கொடுத்தேன். கணவரின் பையில் பெரிய பழமாகப் பார்த்து ஒன்றைப் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். நாலு பேருக்கும் போதவேண்டுமே.