பேய்ப்படத்தில் மரிய ஜோசப்

ராயப்பன்பட்டி இன்னாசியம்மாளுக்குப் பேய்ப்படம் என்றால் உயிர். அங்கன்வாடி வேலையிலிருந்து ஓய்வுபெற்று நாலு வருஷமாகிறது; கம்பத்தில் எந்தத் தியேட்டரில் பேய் வந்தாலும் மத்தியான ஆட்டத்துக்குப் பஸ் ஏறிவிடுவாள். பயந்தவள் என்று நினைத்தால் தப்பு, அவள் ஒரு பேய்க்கும் கண்ணை மூடியதில்லை. மூடியவர் வீட்டுக்காரர் மரிய ஜோசப். திராட்சைத் தோட்டத்தில் பாம்புக்குக்கூட வழிவிட்டு நிற்கிற அந்த மனிதர், இருட்டில் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "போயிருச்சா?" என்று கேட்பார். அந்தப் பிடிக்காகவே அவள் மறுவாரமும் கூட்டிப்போவாள். அவர் இறந்து ஒன்பது வருஷமாகியும் போவதை விடவில்லை. பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்துக்கொள்வாள்.

அவருடைய தாத்தா கட்டிய மாடிவீட்டில்தான் குடியிருப்பு. கலர்க் கண்ணாடி ஜன்னல், தேக்குப் படிக்கட்டு, நடந்தால் முனகுகிற மாடி. பேய்ப்படம் எடுக்க அதை வாடகைக்குக் கேட்டு சினிமா மேனேஜர் பிரின்ஸ் வந்தபோது அவள் யோசிக்கவேயில்லை. பேய் நடமாடுகிற இடத்தில் சாமி இருக்கக்கூடாதென்று, திருஇருதய ஆண்டவர் படத்தையும் மாதா சுரூபத்தையும் உத்தமபாளையத்தில் மகள் ஷெரின் வீட்டுக்குத் தூக்கிப்போனாள். மாலை போட்ட மரிய ஜோசப்பின் போட்டோவை மட்டும் ஹாலிலேயே விட்டாள்.

"ஆத்தா, இதக் கழட்டிரலாமா?" என்று கேட்டான் பிரின்ஸ்.

"இருக்கட்டும்ப்பா. வீட்டுக்குக் காவல் வேணும்ல. அவுகளும் சினிமாவுல வந்த மாதிரி இருக்கும்."

படம் வெளியான அன்றே ஷெரினோடு போய் உட்கார்ந்தாள். தன் வீட்டு ஜன்னல் திரையில் தெரிந்ததும் பக்கத்திலிருந்தவர்களிடமெல்லாம் பெருமை அடித்தாள். இடைவேளைக்குப் பிறகு கதாநாயகி மெழுகுவத்தியோடு ஹாலுக்குள் வந்து சுவரை நிமிர்ந்து பார்த்தாள். மாலைக்குள் மரிய ஜோசப் இருந்தார். பெண்டாட்டியை மாடிப்படியிலிருந்து தள்ளிக் கொன்றவன் இவன்தான் என்றது ஒரு குரல். போட்டோவிலிருந்த கண்கள் மெல்லத் திரும்பின. உதடு விரிந்து பல் தெரிந்தது.

தியேட்டரே அலறியது, அடுத்த நொடி விசில் பறந்தது. இன்னாசியம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சினிமாக்காரனுக்கு ஒரு முகம் கிடைத்தால் போதும், அது யாருடைய முகமாயிருந்தால் அவனுக்கென்ன.

"எம்மா, அது அப்பால்ல?" ஷெரின் அவள் பக்கம் திரும்பினாள்.

"அவுக கோழி அறுக்கிறதக்கூடப் பாக்கமாட்டாக," என்றாள் அவள், யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாமல். முன்வரிசையில் ஒருத்தி தன் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டிருந்தாள்.

இருவரும் வீடு வந்தபோது வெயில்கூட இறங்கவில்லை. ஒன்பது வருஷமாகத் தவறாத வழக்கப்படி, போட்டோவுக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றப் போனாள். அதே மாலை, அவளுக்குப் பழகிய அதே லேசான சிரிப்பு. தீக்குச்சியை உரசினாள். சுடர் ஆடியதும் கண்ணாடிக்குள் அந்தக் கண்கள் அசைந்ததுபோலிருந்தது.

இன்னாசியம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். துழாவி மகளின் கையைப் பிடித்தாள்.

"போயிருச்சாடி?" என்று கேட்டாள்.