கட்டைவிரலால் மறைத்த சொல்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். வாத்தியார் என்று பார்த்ததும் இரண்டே பேரை. ஆனாலும் நல்ல வாத்தியார் எப்படி இருப்பார் என்று யாராவது கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை, சொல்லிவிடுவேன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காதவள் நான்; இந்த ஒன்றைப் பற்றி மட்டும் எனக்குப் பேச வரும். பிள்ளை தப்பாகச் சொன்னால் திருத்த எல்லோராலும் முடியும். பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர்தான் வாத்தியார்.

வல்லத்திராக்கோட்டைப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்போது ராஜா ஆட்சி, சமஸ்தானத்துப் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் என்றால் கீற்றுக் கொட்டகை ஒன்று. ஐந்து வகுப்பும் அதற்குள்ளேயே. பையன்களுக்குப் பலகை, பெண்பிள்ளைகள் நாலு பேருக்கு வாசல் ஓரமாக ஒரு பாய்.

முதல் வாத்தியாருக்கு நல்ல குரல். அவர் ஒன்று சொன்னால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அதைத் திருப்பிக் கத்த வேண்டும். கண்மாய்க் கரையில் போகிறவர்களுக்கெல்லாம் எங்கள் வாய்ப்பாடு கேட்கும். 'பள்ளிக்கூடம்னா இதுல்ல பள்ளிக்கூடம்' என்று ஊரில் அவருக்கு நல்ல பெயர். அந்தக் கூச்சலுக்குள் நான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் குரல் எப்படி இருக்கும் என்று ஒரு வருஷம் முழுக்க அவருக்குத் தெரியாது. எனக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது. வசதியாக இருந்ததே தவிர, எழுத்து ஒன்றும் ஏறவில்லை.

ஒன்றாம் வகுப்புக்குப் பரீட்சை கிடையாது. நான் இரண்டாம் வகுப்புக்கு வந்தபோது அவர் மாற்றலாகிப் போய், கீரனூர்ப் பக்கத்திலிருந்து இன்னொருவர் வந்தார். ஒல்லியான ஆள். குரல் மெல்லிசு. அவர் பேசுவது கேட்க வேண்டுமானால் நாங்கள் சத்தத்தை நிறுத்தியாக வேண்டும். சேர்ந்து கத்துகிற வழக்கத்தை வந்த வாரத்திலேயே விட்டுவிட்டார். ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுவார். என் முறை வந்தபோது ஏதோ முனகினேன். 'சத்தமா வாசி' என்று அவர் சொல்லவில்லை. குனிந்து காதை என் பக்கம் கொண்டுவந்தார். அந்த வருஷம் முழுக்க எனக்காக அவர் குனிந்துகொண்டேதான் இருந்தார். கார்த்திகைக்குள் நான் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கிவிட்டேன்.

வாசிக்க வந்ததும் எனக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. சந்தையிலிருந்து உப்பு மடித்து வந்த காகிதத்தைக் கூட விடமாட்டேன். இன்னும் மேலே படிக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் அப்பா வருஷத் தொடக்கத்திலேயே சொல்லி வைத்திருந்தார்.

"இன்ஸ்பெக்டர் வந்து பாஸுன்னு சொன்னா மேல படி. இல்லையா, பேசாம கடலைக்கொல்லைக்கு வந்துரு. ஆத்தாவுக்கு ஒரு கை ஒத்தாசையா இருக்கும்."

அப்பா சொன்னால் சொன்னதுதான். வருஷக் கடைசியில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருவார், புத்தகத்தில் ஏதாவது ஒரு பாடத்தை வாசிக்கச் சொல்லுவார், அதை வைத்து மேலே போவதா அங்கேயே கிடப்பதா என்று முடிவாகும். எனக்குப் பயமே இல்லை. எந்தப் பாடத்தையும் வாசித்துவிடுவேன் என்று இருந்தேன்.

அந்தத் தை மாதம், ஆத்தாவின் தம்பிக்கு என்னைக் கொடுப்பது என்று வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். அந்தக் காலத்தில் அது வழக்கம்தான். கல்யாணம் எப்போதோ வயசுக்கு வந்த பிறகு. எனக்கு அதில் புரிந்தது ஒன்றே ஒன்று. அன்றைக்குச் சாயங்காலம் ஆத்தா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னது:

"இனிமே மாமா பேர வாயால சொல்லப்புடாது. சொன்னா அவுகளுக்கு ஆயுசு கொறையும், ஆமா."

மாமா எனக்குப் பனங்காயில் வண்டி செய்து கொடுத்தவர். அவருக்கு ஆயுசு குறைய நான் எப்படி விடுவேன்?

அடுத்த வாரம் வாத்தியார் புதுப் பாடம் எடுத்தார். ஒரு நல்ல பையனைப் பற்றிய பாடம். அவன் காலையில் எழுந்திருக்கிறான், பல் துலக்குகிறான், குளிக்கிறான், பெரியவர்களுக்கு வணக்கம் சொல்கிறான். அந்தப் பையனுக்கு என் மாமன் பெயர். அதுவும் வரிக்கு வரி, முதல் சொல்லே அதுதான்.

என் முறை வந்தது. புத்தகத்தைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன்.

"வாசி."

வாசிக்கவில்லை. மறுநாளும் அதே கதை. எழுத்து மறந்துவிட்டதோ என்று வாத்தியார் நினைத்தார். தரையில் மணலைப் பரப்பி அந்தப் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுதிக் கேட்டார். ஒவ்வொன்றாகக் கேட்டால் சொன்னேன். தனி எழுத்தில் மாமன் இல்லையே. "சேத்துச் சொல்லு" என்றால் வாய் பூட்டிக்கொண்டது.

"எழுத்தெல்லாம் தெரியுது, சேத்தா மட்டும் தெரியலையா? என்ன அழிச்சாட்டியம் இது?" என்று ஒருநாள் கோபம் வந்து, என்னை மணி அடிக்கிறவரை தூண் ஓரத்தில் நிற்க வைத்துவிட்டார். அழுதேனே தவிர, காரணத்தைச் சொல்லவில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் பெயரைச் சொல்ல வேண்டியிருக்குமே என்று பயம்.

வேறு வாத்தியாராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார், இல்லாவிட்டால் பிரம்பை எடுத்திருப்பார். இவர் மறுநாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் புத்தகத்தை விரித்தார். முதல் சொல்லின் மேல் தன் கட்டைவிரலை வைத்து மறைத்தார்.

"இது கெடக்கட்டும். மிச்சத்தை வாசி."

நான் கடகடவென்று வாசித்தேன். அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார். அதையும் வாசித்தேன். பாடம் முழுவதும் விரல் நகர நகர வாசித்து முடித்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். அதற்குள் பாயிலிருந்து என் பெரியப்பா மகள் பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டாள்.

"சார், அது அவ கட்டிக்கப்போற மாப்புள பேரு சார்!"

கொட்டகையே சிரித்தது. எனக்கு மண்ணுக்குள் புதைந்து போய்விடலாம் போல இருந்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. நாலாம் வகுப்புப் பலகையில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்த ஒருவனை எழுந்திருக்கச் சொன்னார்.

"ஒங்க ஆத்தா ஒங்க அப்பாவை எப்படிடா கூப்புடும்?"

"'இந்தாருங்க'ன்னு கூப்புடும் சார்."

"பேரு தெரியாமயா அப்படிக் கூப்புடுது?"

"தெரியும் சார்."

"அப்ப இந்தப் புள்ளைக்கும் தெரியும். உக்காரு."

பிறகு என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படியாகவே, "விசாரிக்காம ஒன்னைய நிக்க வச்சுட்டேன் தாயி. தப்பு எம்மேல" என்றார். ஒரு வாத்தியார் தன் தப்பைப் பிள்ளையிடம் சொல்லுவார் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அப்படிச் சொல்லுவதால் அவர் மேல் மரியாதை குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். அன்றைக்கு எங்கள் கொட்டகையில் ஈ பறந்தால் சத்தம் கேட்டிருக்கும், அவ்வளவு மரியாதை.

அன்று சாயங்காலமே அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா கயிற்றுக் கட்டிலை எடுத்துப் போட்டார். ஆத்தா கதவுக்குப் பின்னால் நின்றது. நானும் ஆத்தாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒங்க மக நல்லா வாசிக்குது. ஆனா இன்ஸ்பெக்டர் இந்தப் பாடத்தைக் கேட்டுட்டார்னா வாயத் தொறக்காது. பெயிலாப் போட்டுருவாரு" என்றார் வாத்தியார்.

"பேரைச் சொல்லித்தான் படிக்கணும்னா அந்தப் படிப்பே வேணாங்க" என்றார் அப்பா. "நாளைக்கே நிப்பாட்டிப்புடுறேன்."

வாத்தியார் அப்பாவோடு வாதாடவில்லை. 'இதெல்லாம் மூடத்தனம்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றோடு என் படிப்பு முடிந்திருக்கும். கதவுப் பக்கம் பார்த்துக் கேட்டார்.

"ஆத்தா, நீங்க சொல்லுங்க. வாயால சொல்லப்புடாது, சரி. கையால எழுதலாமா?"

இப்படி ஒரு கேள்வி அதற்கு முன் எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை.

"எழுதுறதுக்கு யாரு கட்டுப்பாடு வச்சா?" என்றது ஆத்தா. "எங்கள்ல எவளுக்குத்தான் எழுதத் தெரிஞ்சுச்சு? எழுதுனா எழுதிக்கிறட்டும்."

அப்பா கதவைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார். "என்னமோ பண்ணுங்க. ஆனா பாஸாகலைன்னா கொல்லைதான். அதுல மாத்தமில்லை."

அதற்குப் பிறகு தினமும் எனக்கு அதுதான் பாடம். மடியில் சிலேட்டு. அந்தச் சொல் வரும் இடத்தில் வாசிப்பை நிறுத்தி, அதைச் சிலேட்டில் எழுதிக் காட்டிவிட்டு, மேலே வாசிக்க வேண்டும். என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். எங்கள் வீட்டுப் பெண்களில் முதல் முதலாக அந்தப் பெயரை எழுதியவள் நான்தான். மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை அவர் சந்தைக்கு வந்தபோது பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

இன்ஸ்பெக்டர் மாட்டு வண்டியில் வந்தார். பெரிய தலைப்பாகை, கோட்டு. ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தவர் என் புத்தகத்தை வாங்கி, விரலை விட்டு விரித்தார். நல்ல பையன்தான் வந்தான். அவருக்கு அது ஒரு பாடம், அவ்வளவுதான்.

நான் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டினேன். மிச்ச வரியை வாசித்தேன். அடுத்த வரிக்குச் சிலேட்டைத் தொட்டுக் காட்டினேன், வாசித்தேன். இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"என்ன இது? ஏன் அதை வாயால் வாசிக்கவில்லை?"

நான் வாத்தியாரைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தையில் சொல்லி முடித்திருக்கலாம். சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவசரமே இல்லாத பார்வை. இவளுக்குப் பதில் தெரியும், வரும், இருங்கள் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. எனக்காக அவர் பேசியிருந்தால் நான் அன்றைக்குத் தப்பித்திருப்பேன். ஆனால் வாய் திறந்திருக்கமாட்டேன்.

"நான் கட்டிக்கப்போறவுக பேருங்க" என்றேன்.

பெரிய மனிதர் ஒருவரிடம் நானாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்து தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வீட்டிலயும் இந்தக் கூத்துத்தான். தபால்காரன் என் பேரைக் கேட்டா, பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லுவாங்க" என்று வாத்தியாரிடம் சொன்னார். உடனே முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "ஆனால் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்கலாமே? பார்ப்போம்" என்று, எங்களுக்கு நடத்தாத பாடம் ஒன்றை எடுத்து வாசிக்கச் சொன்னார்.

அது மழை பெய்து ஏரி நிறைவதைப் பற்றியது. அதில் யார் பெயரும் இல்லை. தடுமாறாமல் வாசித்தேன். சத்தமாகவே வாசித்தேன் என்று பிறகு பெரியப்பா மகள் சொன்னாள். இன்ஸ்பெக்டர், "பாஸ். சிலேட்டை இனிமேல் கணக்குக்கு வைத்துக்கொள்" என்றார்.

வாத்தியாரே வந்து அப்பாவிடம் சொன்னார். அப்பா சந்தோஷப்பட்டாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ரொம்ப யோசனையோடு கேட்டார்:

"வாத்தியாரய்யா, மூணாங் கிளாஸ் புஸ்தகத்துல யாரு யாரு பேரு வருதுன்னு இப்பவே சொல்லிப்புடுங்க."

வாத்தியார் இதற்கும் சிரிக்கவில்லை. மறுநாள் மூன்றாம் புத்தகத்தையே கொண்டுவந்து, கட்டிலில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாடமாகப் புரட்டி அதில் வருகிற பெயர்களையெல்லாம் நிதானமாக வாசித்தார். ராஜாக்கள், வியாபாரிகள், ஒரு குயவன், ஒரு சோம்பேறிப் பையன். ஒவ்வொரு பெயருக்கும் அப்பா கதவுப் பக்கம் திரும்பிப் பார்ப்பார். ஆத்தா உள்ளேயிருந்து "அது நமக்கு இல்ல" என்று சொல்லும். சோம்பேறிப் பையன் பெயர் வந்தபோது மட்டும், "அது ஒங்க சித்தப்பா பேரு. அவ சொல்லலாம், நாந்தான் சொல்லப்புடாது" என்றது. அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடைசிப் பக்கம் வரை வாசித்து முடித்து வாத்தியார் புத்தகத்தை மூடினார்.

"அப்பச் சரி, புள்ள போகட்டும்" என்றார் அப்பா.