ஞானசெல்வம் அக்கா கட்டிய சீட்டு

ஞானசெல்வம் அக்கா போய்விட்டார் என்ற செய்தி, இந்த வருடத்துக் கோடைக் கண்காட்சிக்காக அருங்காட்சியக வாசலில் பெயர் எழுதிய துணியைக் கட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. அவருடைய தம்பி தாராவியிலிருந்து பஸ்ஸில் வந்து காவலாளியிடம் சொல்லிவிட்டு, உள்ளே வராமலே திரும்பிவிட்டார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். துணி கட்டி முடிகிறவரை பிடித்துக்கொண்டேதான் இருந்தேன். அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. அது ஏன் என்று சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் கோடை வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்களுக்கு அவரைத் தெரியும். அருங்காட்சியகத்தை நடத்தும் மாநில சரித்திர சங்கத்தில் காட்சிக்கூடம் அவர் பொறுப்பு, பதிவேடு என் பொறுப்பு. முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர் என்பதால் தாராவியில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். 'தொடாதே' என்ற பலகையை மே மாதம் முழுக்கச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவார். செயலாளர் அதைக் கண்டு கோபித்தபோது, "சோறு பொங்குன பாத்திரத்தத் தொடாமப் பாத்தா பிள்ளையளுக்கு என்ன தெரியும் சார்?" என்று கேட்டார். செயலாளருக்குத் தமிழ் தெரியாது. நான்தான் ஆங்கிலத்தில், கொஞ்சம் மரியாதை சேர்த்துச் சொன்னேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு கோடைக்கு 'நகரத்து அடுப்படிகள்' என்று கண்காட்சி வைத்தோம். பம்பாய்க்கு வந்து குடியேறியவர்களிடம் அவரவர் பாத்திர பண்டங்களை இரவல் வாங்குவது என்று ஏற்பாடு. அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பொருள் உரியவர் வீட்டுப் படியைத் தாண்டுவதற்கு முன்பே, என்னவென்று தன் கையால் ஒரு அட்டைச் சீட்டில் எழுதி நூல் போட்டுக் கட்டிவிடுவார். "சீட்டு கட்டாம ஒரு கரண்டியக்கூட எடுக்காதீய" என்பார். காட்சிக்கு வைக்கும்போது சீட்டை அவிழ்த்து என்னிடம் தருவார். திருப்பிக் கொடுக்கும் நாள் வரை அது என் மேஜை டிராயரில் இருக்கும்.

தாராவியில் செய்யது பாய் என்று ஒருவர். மேலப்பாளையத்துக்காரர், தோல் பட்டறை வைத்திருப்பவர். அவர்கள் தெருப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற செம்பு அண்டா அவர் பொறுப்பில் இருந்தது. அவருடைய வாப்பா காலத்தில் ஊரிலிருந்து ரயிலேறி வந்த அண்டா. தர யோசித்தார். "இரவல்தான பாய். நோன்புக்கு முன்ன நானே கொண்டாந்து தாரேன்" என்றார் அக்கா. நான் பக்கத்தில்தான் நின்றேன். ரசீது நான் எழுதி அனுப்புவதாகப் பேச்சு. டீச்சர் சொன்னால் போதும், ரசீது எதற்கு என்று பாய் சொல்லிவிட்டார். எனக்கு அது நல்லதாகப் போயிற்று.

எங்கள் சங்கத்தில் ஒரு முறை இருக்கிறது. சொந்தப் பொருள் என்றால் அடியில் வெள்ளை வர்ணம் தீற்றி, கருப்பு மையில் எண் எழுதி, மேலே வார்னிஷ் பூசுவோம். இரவல் பொருளுக்குச் சீட்டு மட்டும்தான். காட்சிக்கு அடுக்கிய அன்று மின்விசிறி ஓடவில்லை. வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்த சங்கத்துப் பாத்திரங்களுக்கு எண் போட்டுக்கொண்டே வந்தவன், சீட்டு அவிழ்த்திருந்த அந்த அண்டாவுக்கும் போட்டுவிட்டேன். வார்னிஷ் காய்ந்த பிறகுதான் கவனித்தேன். பதிவேட்டில் ஓர் எண்ணைப் பாழாக்கினால் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். ஜூனில் என் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். கல்யாணம் ஆகி நான்கு மாதம் ஆகியிருந்தது. பேனாவை எடுத்து, எண்ணுக்கு எதிரே 'நன்கொடை' என்று எழுதினேன். அவ்வளவுதான், ஒரே சொல்.

மழை தொடங்கிக் கண்காட்சி முடிந்ததும் அக்கா அண்டாவைக் கேட்டார். சங்கத்துச் சொத்து, தர முடியாது என்றார்கள். அவர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"பாய் இத நன்கொடைன்னா சொன்னாரு?"

"நீங்கதான் அப்படிச் சொன்னேள்னு ஞாபகம்" என்றேன். சீட்டைக் கேட்டார், தொலைந்துவிட்டது என்றேன்.

என்னைத் திட்டியிருந்தால் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அது பொய். அவர் திட்டவில்லை, என்னை நம்பினார். தன் வாய்தான் தவறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். இரவல் பொருளைத் தான் வாய் தவறி நன்கொடை என்று சொல்லிவிட்டதாகச் செயலாளருக்கு அவரே கடிதம் எழுதினார். கொடுத்த நன்கொடையைத் திருப்பித் தரும் வழக்கம் இல்லை என்று பதில் வந்தது. ஒவ்வொரு கோடையிலும் மறுபடி எழுதினார். பதிலும் மாறாமல் வந்தது.

அந்த வருட நோன்பு குளிர்காலத்தில் வந்தது. மூன்று சின்னப் பாத்திரங்களை இரவல் வாங்கிக் கஞ்சி காய்ச்சினார்கள். அண்டாவை மியூசியத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு டீச்சர் பேர் வாங்கிக்கொண்டார் என்று தெருவில் பேச்சு. அதன் பிறகு அக்கா, பாயிடம் கேட்கவும் முகமில்லாமல், அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். இதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். என் மனைவி கொடுத்தனுப்பிய தயிர்சாதத்தை அன்று இருவரும் பங்கிட்டுத்தான் சாப்பிட்டோம். எப்படி இறங்கியது என்று இப்போது வியப்பாக இருக்கிறது.

சென்ற மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கையெல்லாம் மெலிந்திருந்தது. கண்காட்சி பற்றி, வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். புறப்படும்போது கூப்பிட்டார்.

"தம்பி, அன்னைக்குப் பாய் வீட்டுல நான் என்ன சொன்னேன்னு ஒங்களுக்கு நெனவிருக்கா? யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், பிடிபட மாட்டேங்குது."

ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

ஞாபகம் இல்லாமல் என்ன? அவர் அண்டாவில் கட்டிய சீட்டு, இத்தனை வருடமாக என் டிராயரில் இருந்தது. கிழித்துப்போடக் கை வரவில்லை, எடுத்துக் காட்டவும் துணிவு வரவில்லை. 'இரவல். நோன்புக்கு முன் திருப்ப வேண்டியது' என்று அவருடைய சாய்ந்த கையெழுத்தில் அதில் இருக்கிறது.

அடக்கம் முடிந்த மறுநாள் அதை எடுத்துக்கொண்டு செய்யது பாயின் பட்டறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இத டீச்சர்ட்ட காட்டுனீயளா?"

இல்லை என்றேன். சீட்டை என் கையில் வைத்துவிட்டுப் பட்டறைக்குள் போய்விட்டார்.

அந்தச் சீட்டை என் வாக்குமூலத்தோடு சேர்த்துச் சங்கத்தில் கொடுத்துவிட்டேன். பதிவேட்டில் என் சொல்லுக்குப் பக்கத்தில் 'பொய்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். வேலை இருக்குமா என்று தெரியாது. அடுத்த நோன்புக்குள் அண்டா தாராவிக்குப் போக வேண்டும், எனக்கு அதுதான் கணக்கு. தாராவிக்காரர்களே, டீச்சர் உங்கள் அண்டாவைத் தூக்கிக் கொடுக்கவில்லை. கொடுத்தவன் நான்.

அவருடையது என்று என்னிடம் மிச்சமிருப்பது அந்த ஆஸ்பத்திரிக் கேள்வி மட்டும்தான். தினமும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நோன்புக்கு முன்னே நீங்களே கொண்டுவந்து தருவதாகச் சொன்னீர்கள், அக்கா. நான் பக்கத்தில்தான் நின்றேன்.