கப்டனுக்குக் கை கொடுத்த படம்

ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான அஜக்ஸில், சித்தி இப்போது மகளோடு இருக்கும் வீட்டின் முன்னறையில் அந்தப் படம் தொங்குகிறது. வெள்ளை உடுப்பில் ஒரு கப்பல் கப்டன். அவருக்குக் கை கொடுத்தபடி என் சித்தப்பா. இரவல் கோட்டு, ஒரு பக்கம் சரிந்த கறுப்பு போ டை. விசில் அடிக்கிறவரைப் போல உதடுகள் குவிந்திருக்கின்றன. வருகிறவர்கள் எல்லோரும் அவர் என்ன செய்கிறார் என்று கேட்பார்கள். "அவர் ஜேர்மன் கதைக்கிறார்" என்பார் சித்தி. அதற்கு மேல் வாய் திறக்கமாட்டார். மிச்சத்தை நான் சொல்கிறேன்.

கனடாவுக்கு வருமுன் சித்தப்பா ஏழெட்டு வருடம் ஜேர்மனியில் இருந்தவர். ஒரு சின்ன ஊரின் உணவகத்தில் கோப்பை கழுவினார். ஆனால் அவர் சொல்லக் கேட்டால் ஏதோ அரண்மனையில் இருந்துவிட்டு வந்தவர் என்றுதான் நினைப்பீர்கள். முதலாளியம்மா இறந்துபோன தன் கணவரின் குளிர் கோட்டை அவருக்குக் கொடுத்தாராம். "என்னைத் தன்ர பிள்ளை மாதிரி வைச்சிருந்தவ" என்று சொல்லிச் சொல்லியே ஸ்காபரோவின் குளிர்காலம் முழுக்க அந்தக் கோட்டோடு திரிவார். சித்தியின் வீட்டாருக்கு அவர் ஒரு பொருட்டே இல்லை. சித்தியின் அண்ணன், நாங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர், பெரிய கணக்காளர். சித்தப்பா தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவர். கொண்டாட்டம் எதுவானாலும் ஐஸ் வாங்கிவரப் போவது சித்தப்பாதான். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது என்றால் அது ஜேர்மன் மொழி மட்டுமே.

தொண்ணூறுகளின் நடுவில் மாமாவுக்குத் திருமணமாகி இருபத்தைந்து வருடம் நிறைந்தது. மொன்றியலில் இருந்து புறப்பட்டு அத்திலாந்திக் கரையோரமாகப் போகும் ஒரு ஜேர்மன் கப்பலில் இடம் கிடைத்தது. பயணிகள் எல்லாம் ஜேர்மன்காரர், அறிவிப்பெல்லாம் ஜேர்மனில், அதனால் ரொறன்ரோவில் யாரும் சீண்டாத இடங்கள். மாமா சித்தப்பாவையும் சித்தியையும் கூட வரச் சொன்னார். மாமாவின் பிள்ளைகள் வரமாட்டோம் என்றதால் எனக்கும் அதிர்ஷ்டம் அடித்தது. "மச்சானுக்கு ஜேர்மன் தண்ணி பட்ட பாடு. அவர் பாத்துக்கொள்ளுவார்" என்று எல்லோர் முன்னாலும் மாமா சொன்னபோது சித்தப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் காத்திருந்த வார்த்தை அது.

கப்பல் அழகுதான், சும்மா சொல்லக்கூடாது. பித்தளைக் கைப்பிடிகளில் முகம் பார்க்கலாம். வெள்ளைக் கையுறை போட்டவர்கள் சூப் ஊற்றினார்கள், மூலையில் ஒருவர் பியானோ வாசித்தார். முதல் இரவுச் சாப்பாட்டில் எங்கள் மேசையில் வயதான ஜேர்மன் தம்பதி ஒன்று இருந்தது. சித்தப்பா விடவில்லை, கதைத்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மாவின் கரண்டி பாதி வழியில் நின்றது. கணவர் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தார். அடுத்த நாள் அவர்கள் வேறு மேசையில் இருந்தார்கள். சாப்பாட்டு மண்டபத்தின் தலைமைப் பணியாளர் மாமாவைத் தனியே கூப்பிட்டு ஆங்கிலத்தில் ஏதோ விளக்கினார்.

சித்தப்பா இல்லாத நேரம் பார்த்து, மேல்தளத்தில் மாமா அதை எங்களுக்குச் சொன்னார். எங்களைப் போலவே ஜேர்மன்காரரிடமும் 'நீ' வேறு, 'நீங்கள்' வேறு. அந்நியரை, பெரியவரை 'நீ' என்று சொன்னால் அவமானம். "உவருக்கு நீங்கள் எண்ட சொல்லே தெரியாது! அந்தக் கிழவியைப் பாத்து, 'நீ ஏன் தின்னாமல் இருக்கிறாய்' எண்டு கேட்டிருக்கிறார்!" மாமிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. சித்தியும் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"சித்தப்பாட்ட சொல்லுங்கோ சித்தி" என்றேன். சொல்ல வேண்டியவர் அவர்தானே.

"விடு பிள்ளை. அண்ணா பகிடிக்குத்தானே சொல்லுறார்."

அதற்குப் பிறகு அந்தப் பகிடி கப்பல் முழுக்க ஓடியது. "மச்சான், அந்தத் தொப்பி போட்ட அம்மாவிட்ட எங்க இருந்து வாறா எண்டு கேளும்." "அந்த டொக்டரிட்ட நேரம் கேளும்." சித்தப்பா உடுப்பின் மடிப்புக் குலையாமல் போய், குனிந்து, அன்பாகக் கேட்பார். அவர்கள் விறைத்துப்போவதைப் பார்க்க மாமா தூணோரம் நிற்பார். "இவங்கள் கொஞ்சம் கூச்சக்காரர், அத்தான்" என்று திரும்பி வந்து சொல்லும்போது சித்தப்பாவின் முகம் மலர்ந்திருக்கும். அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மாமாவின் கன்னத்தில் ஒன்று விட வேண்டும்போல இருக்கிறது.

கடைசி விருந்தில் கப்டன் வரிசையாக எல்லோருக்கும் கை கொடுத்தார். எங்கள் எல்லோர் சார்பிலும் சித்தப்பாதான் பேச வேண்டும் என்று மாமா ஏற்பாடு செய்திருந்தார். பகல் முழுக்க அவர் கண்ணாடி முன் நின்று பாடமாக்கினார். 'நீ கெட்டிக்காரன், நல்லாக் கப்பல் ஓட்டுறாய்' என்பதுதான் வாசகம். ஜேர்மன் மொழியில் 'நீ' என்றால் 'டூ'. உதடு குவிந்த அந்தக் கணத்தில்தான் படக்காரன் படம் எடுத்தான். கப்டன் ஒரு நொடி பார்த்துவிட்டு ஆங்கிலத்தில், "நன்றி, சேர்" என்றார். சித்தப்பா மிதந்துகொண்டு வந்தார். "கப்டன் என்னை சேர் எண்டவர்!"

மாமாவால் அதை அடக்கி வைக்க முடியவில்லை. திரும்பி வந்ததும், மார்க்கம் நகரில் தன் வீட்டில், படங்களைக் காட்ட ஒரு கூட்டத்தையே கூப்பிட்டு, நடித்தே காட்டினார். அந்த அம்மாவின் கரண்டி, டொக்டரின் முகம், குவிந்த உதடு, ஒன்றும் மிச்சமில்லை. அறையே வெடித்தது. ஐஸ் வாளியோடு கதவடியில் நின்ற சித்தப்பாவும் மற்றவர்களோடு சேர்ந்து கொஞ்சம் சிரித்தார். பிறகு வாளியைக் கீழே வைத்தார்.

"அப்ப, ஜேர்மனியில என்னை ஒருத்தரும் நீங்கள் எண்டு சொல்லேல்லையோ?"

கேள்வி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. காதால் கேட்டுப் பழகிய மொழி அது. கேளாத சொல் அவருக்கு எப்படித் தெரியும்? பொலிஸ்காரர், டொக்டர், பஸ்ஸில் டிக்கட் பார்க்கிறவர், எல்லோரையும் அவர் மனதுக்குள் ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது. முதலாளியம்மா பாசத்தில் சொல்லியிருப்பார், பிள்ளையை நீ என்றுதானே சொல்வோம் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"நான் அவவை நீ எண்டு சொன்னால் எல்லாரையும் கூப்பிட்டுச் சிரிப்பா, பிள்ளை. திருப்பிச் சொல்லு எண்டுவா. சந்தோசத்தில சிரிக்கிறா எண்டு நினைச்சன்."

அந்தக் குளிர்காலம் அவர் அந்தக் கோட்டைப் போடவில்லை. ஸ்காபரோ வோபர்னில் பழைய உடுப்புப் போடும் இரும்புப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு வந்தார்.

அதன் பிறகு அவர் வாயில் 'நீங்கள்' மட்டுமே இருந்தது. எனக்கு நீங்கள், கடைப் பொடியனுக்கு நீங்கள், தன் சின்ன மகளுக்கும் நீங்கள். சித்தியை அதுவரை "இஞ்சேரும்" என்று கூப்பிட்டவர், "நீர் சாப்பிட்டீரோ" என்று கேட்டவர், இப்போது "இஞ்சேருங்கோ, சாப்பிட்டீங்களோ" என்றார். கேட்டவர்கள் என்ன மரியாதை என்று மெச்சினார்கள். மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது. மேல்தளத்தில் சித்தி சால்வைக்குள் சிரித்ததையும் மாமா நடித்துக் காட்டியபோது அவர் பார்த்திருந்தார். புருசன் பெண்சாதிக்குள் புழங்குகிற அந்த 'நீர்' என்ற சொல்லை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார். சித்தி சண்டை பிடித்தார், அழுதார், பட்டினி கிடந்தார். "நீங்கள் சாப்பிடாமல் இருக்கக்கூடாது" என்றார் சித்தப்பா, வங்கிக்காரர் மாதிரி.

சில வருடங்களில் அவருக்கு ஈரலில் நோய் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் காலைப் பிடித்துக்கொண்டு சித்தி கெஞ்சியபோது நான் பக்கத்தில் நின்றேன்.

"ஒருக்கா என்னை நீர் எண்டு சொல்லுங்கோவன்."

சித்தப்பா அவரை நன்றாகப் பார்த்தார். நினைவு தெளிவாகவே இருந்தது. "நீங்கள் களைச்சுப் போனீங்கள். வீட்டை போங்கோ" என்றார். அவர் சித்தியோடு பேசியது அதுதான் கடைசி.

போன மாதம் அஜக்ஸ் போயிருந்தேன். கதவு திறந்திருந்தது. நான் உள்ளே வந்தது சித்திக்குத் தெரியாது. படத்தின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றார். தேவைக்கு மேல் அழுத்தித் துடைத்தார். புருசனை ஒருநாளும் ஒருமையில் கூப்பிட்டறியாத சித்தி அந்தக் குவிந்த உதடுகளுக்கு நேரே விரலை நீட்டினார்.

"சொல்லன். நீ ஒருக்காச் சொல்லன். வாயில என்ன, கொழுக்கட்டையே வைச்சிருக்கிறாய்?"