ஜன்னலுக்கு நேராக

முதலில் திரும்பி வந்தது இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான். தீப்பெட்டி அளவு கான்வாஸ் துணியில் பக்கத்து வீட்டு அக்கா கம்பளி நூலால் தைத்தது; நான் சட்டம் போட்டது. பிரிஞ்சாங்கில் சுற்றுலாக்காரர்களுக்கு நினைவுப் பொருள் விற்கும் கடைக்காரர் அதை என் முன்னால் வைத்து, "பாருங்க, சாஞ்சு கெடக்கு. வர்றவங்க தலையச் சாய்ச்சுப் பாத்துட்டுத் திருப்பி வெச்சிடுறாங்க லா" என்றார். அடுத்த வாரம் ரோஜா திரும்பியது. அதற்கடுத்த வாரம் ஸ்ட்ராபெரி. மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. எனக்கு அவமானமாக இருந்தது. என்னிடம் அவமானம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மேட்டு லைனில் கடைசி இரண்டு வீடுகள் எங்களுடையவை. அக்காவுடையதுதான் கடைசி. அவர் அடுப்படிச் சுவருக்கும் மலைக்கும் நடுவே தண்ணீர் ஓடும் ஒரு லோங்காங் வாய்க்கால் மட்டும்தான் உண்டு. பலகைச் சுவர், ஒரே கூரை, நடுவில் ஒரு தடுப்பு; அவர் இருமினால் எனக்குக் கேட்கும். கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். மகன் ஜொகூரில். மதியச் சோறு முடிந்ததும் நூல் கூடையோடு என் முன்னறைக்கு வந்துவிடுவார். அவர் தைப்பார், நான் சட்டமோ பதக்கமோ போடுவேன். ஊர்க்கதை முழுவதும் அந்த இரண்டு மணி நேரத்தில் அலசி முடித்துவிடுவோம்.

தைத்து முடித்த துண்டு அப்படியே நேராக இருக்காது. ஒரே பக்கமாகச் சரிந்து ஓடும் தையல் துணியையும் தன் பக்கம் இழுத்துவிடும். அதை ஈரமாக்கி, மெத்தென்ற பலகையில் வைத்து, நான்கு பக்கமும் இழுத்துக் குண்டூசி குத்திக் காயவிட வேண்டும். இந்தப் பனியில் காய இரண்டு நாளாகும். பிறகு அட்டைமேல் போர்த்தி, பின்பக்கம் நூலால் இழுத்துக் கட்டி, சட்டத்துக்குள்ளோ பித்தளை வளையத்துக்குள்ளோ இறக்கினால் வேலை முடிந்தது.

குண்டூசி குத்தும்போது மூலைமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். என்னுடையது எப்போதோ தொலைந்துபோனது. வெளிச்சத்துக்காகப் பலகையை ஜன்னலில் சாய்த்துத்தான் வேலை செய்வேன். துண்டின் கீழ் விளிம்பை ஜன்னலின் கீழ்க்கட்டைக்கும், பக்க விளிம்பைப் பக்கக்கட்டைக்கும் நேராகப் பிடித்துக் கண்ணாலேயே அளந்து குத்திவிடுவேன். வெள்ளைக்கார துரை காலத்து ஜன்னல். அதைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த வருடம் மழை விடவில்லை. எங்கள் முன்கதவு இறுகிக்கொண்டு திறக்க மறுத்தது. "மழைக்குக் கட்டை ஊதிப்போச்சு" என்று என் வீட்டுக்காரர் கதவின் மேல் மூலையை இழைத்தார். பத்து நாளில் மறுபடி இறுகியது, மறுபடி இழைத்தார். மூன்றாவது முறை இழைத்தபோது, "இன்னும் கொஞ்ச நாள் போனா கதவே இருக்காது போல" என்று நான்தான் கிண்டல் செய்தேன். மலையோர லோங்காங்கில் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. மழைக்காலத்தில் எல்லா லோங்காங்கும் அப்படித்தானே ஓடும் என்று விட்டுவிட்டோம்.

ஸ்ட்ராபெரி திரும்பி வந்த மதியம், அக்கா கூடையைக் கீழே வைக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டேன்.

"நான் நேராத்தான் குத்திக் காயவெக்கிறேன். சட்டத்துல போட்டா கோணிக்குது. நீங்க நூல இறுக்கி இழுக்கிறீங்கக்கா. அதான்."

"என் கை அப்படி இழுக்காதுடி."

"அப்ப என்ன, பேயா வந்து இழுக்குது?"

அக்கா கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவர் முன்னறை இருட்டு. பகலில் தைக்க வெளிச்சம் வருவது அடுப்படி ஜன்னலில் மட்டும்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் நாற்காலியை அடுப்படிக்கு இழுத்துப் போகும் சத்தம் கேட்டது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நானும் போகவில்லை.

நான்காம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை இல்லை, வீம்புதான். என்மேல் தப்பில்லை என்று காட்ட வேண்டும். ஒரு நூலில் தடித்த ஊசியைக் கட்டி ஜன்னலின் மேல்கட்டையிலிருந்து தொங்கவிட்டேன். நேராகத் தொங்கும் நூலுக்குப் பக்கத்தில் துண்டை வைத்துப் போனில் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பிவிடலாம் என்பது கணக்கு.

ஊசி ஆடி நின்றது. மேலே பக்கக்கட்டையை ஒட்டியிருந்த நூல், கீழே வரும்போது இரண்டு விரற்கடை விலகி நின்றது. ஊசி எங்கேயாவது மாட்டிக்கொண்டதா என்று தட்டிவிட்டுப் பார்த்தேன். அதே இரண்டு விரற்கடை. கதவு நிலையிலும் கட்டிப் பார்த்தேன். அங்கே மூன்று. தரை அப்படியே இருக்க, வீடு மலையைவிட்டுப் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டிருந்தது. என் வீடே இப்படியென்றால், மலையை ஒட்டிய கடைசி வீடு?

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவரும் ஊசியைத் தட்டிவிட்டுப் பார்த்தார். "காலையில ஆபீஸ் கிராணிகிட்ட சொல்லிடுறேன். நீ அக்காகிட்ட சொல்லு" என்றார்.

அக்கா வீட்டு வாசல் வரை போனேன். உள்ளே அவர் இருமினார். வீடு சாய்கிறது என்று சொன்னால், கோணல் என் ஜன்னலில்தான், உங்கள் கையில் இல்லை என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று நின்றேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பி வந்துவிட்டேன். அதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் துணி துவைத்தேன், சமைத்தேன், ஒவ்வொரு வேலைக்கும் பிறகு போகலாம் என்று தள்ளிப்போட்டேன். மதியம், அவர் என் முன்னறையில் இருந்திருக்க வேண்டிய நேரத்தில், லோரியிலிருந்து கல் கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. தடுப்புப் பலகை என் பக்கம் வளைந்தது. வெளியே ஓடினேன். அக்கா வீட்டு அடுப்படி இருந்த இடத்தில் செம்மண்ணும் ஒரு தேயிலைச் செடியும் இருந்தன.

லைன் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து தோண்டினார்கள். உயிரோடு எடுத்துவிட்டோம். வலது கை மட்டும் உத்திரத்துக்கு அடியில் மாட்டியிருந்தது. அந்தக் கை விரல்கள் இனி ஊசி பிடிக்காது.

இப்போது லைன் காலி. எங்களைக் கோயில் பக்கத்துக் கல் வீடுகளுக்கு மாற்றிவிட்டார்கள். தினமும் காலையில் ஊசியைத் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்கிறேன்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் அக்கா தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சின்னத் துண்டை இடது கையால் எடுத்துக் கொடுத்தார். மண் கறை படிந்த தேயிலைப் பூ. தோண்டி எடுத்தபோது மூடிய கைக்குள் இருந்ததாம். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பாய் முடைந்த மாதிரி இருந்தது. அவர் வழக்கமாகப் போடும் தையல் இல்லை.

"போன்ல பாத்துக் கத்துக்கிட்டேன்" என்றார். "இந்தத் தையல் துணிய இழுக்காதாம். நாலு நாளா பிரிச்சுப் பிரிச்சுத் தச்சேன். நீ சொன்னது சரிதான் புள்ள, என் கைதான் இழுத்திருக்கு."

துண்டை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து கழுவிக் காயவைத்தேன். புது மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன். நான்கு மூலையும் சரியாக இருந்தன. ஒரு குண்டூசிகூடக் குத்தவில்லை. பித்தளைச் சட்டத்துக்குள் இறக்கி, சங்கிலி கோத்து எடுத்துப் போனேன். அவரால் கொக்கியை மாட்ட முடியாது. நான்தான் பின்னால் நின்று மாட்டிவிட்டேன்.

"நேரா இருக்கா?" என்று கேட்டார்.

"நேரா இருக்குக்கா" என்றேன். ஜன்னலைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை.