பாதி நாடகத்தில் ஒரு பொன்னாடை

நான் ஆங்கிலத்தில் எழுதுகிறவள். நாவல்களும் நாடகங்களும். கொழும்பில், கொட்டாஞ்சேனையில், நான் பிறந்து வளர்ந்த ஒழுங்கையை லண்டனில் மேடையேற்றியிருக்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் விமான நிலையத்தில் மறித்துக் கையெழுத்துக் கேட்கிறார்கள். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். கஷ்டப்பட்டுத்தான் எழுதினேன்.

அப்பாவுக்கு வெள்ளவத்தையில், காலி வீதியில், புடவைக் கடை. கடையின் பின் அறையில் துணிக்கட்டுகளுக்கு நடுவே இருந்துதான் முதல் நாவலை எழுதினேன். எழுதும்போது பிளேன்டீ அனுப்புவார், எட்டிப் பார்க்க மாட்டார். கடைக்கு வருகிற எல்லாரிடமும், "மகள் இங்கிலீஷில புத்தகம் எழுதுறா" என்பார். ஆனால் ஒரு பக்கம்கூட வாசித்ததில்லை. பில் எழுதுகிற அளவுக்குத்தான் அவருக்கு ஆங்கிலம். நாடகத்துக்குக் கூப்பிட்டால், "எனக்கு விளங்காது. விளங்கிறவனுக்கு அந்தக் கதிரையைக் குடு" என்று முடித்துவிடுவார்.

அந்தக் கடையில் பட்டுச் சேலையைவிட அதிகம் விற்பது பொன்னாடை. கொழும்பில் தமிழர் கூட்டம் என்றால் பேச வந்தவர், பாட வந்தவர், மைக் கட்டியவர் எல்லாருக்கும் ஒன்று போர்த்தியாக வேண்டும். வீட்டில் அலுமாரி நிறைந்துபோன பெரிய மனிதர்கள், தங்களுக்குப் போர்த்தியதையெல்லாம் பை பையாக டிரைவரிடம் கொடுத்துக் கடைக்கே அனுப்புவார்கள். அப்பா பாதி விலைக்கு எடுத்து, அயன் பண்ணி, புது உறையில் போட்டு மறுபடி தட்டில் அடுக்குவார். சில பொன்னாடைகளை அவருக்கு ஆளைப்போல அடையாளம் தெரியும். "இவர் போன மாசமும் வந்தவர்" என்று சிரிப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவற்றை மடித்தே வளர்ந்த எனக்கு, பொன்னாடை என்றாலே ஓர் இளக்காரம்.

முதல் நாவலுக்குப் பரிசு கிடைத்தபோது ஒரு சங்கம் என்னைக் கூப்பிட்டுப் போர்த்தியது. எங்கள் கடைப் பொன்னாடைதான், மடிப்பிலேயே தெரிந்தது. மறுநாள் அதைக் கொண்டுபோய் அப்பாவின் மேசையில் போட்டுவிட்டு, ஏதாவது சொல்வார் என்று நின்றேன். "அந்தத் தட்டில வை" என்றார். அந்தக் கிழமை முடிவதற்குள்ளேயே அது விற்றுப் போனது. யார் யாரோ என்னைப் பற்றி எழுதினார்கள். ஆனால் நான் செய்வது பெரிய காரியம் என்று அப்பா தன் வாயால் ஒருமுறை சொல்ல வேண்டும் என்ற ஆசை அன்றைக்குப் பிடித்தது. வயது ஏற ஏற அது கூடியதே தவிரக் குறையவில்லை.

பிறகு ஒரு புடவைக் கடையை வைத்தே நாடகம் எழுதினேன். கொழும்பிலேயே மேடையேறியது. "அப்பா, இது கடைக் கதை. கண்ணால பார்த்தாலே விளங்கும். ஒருக்கா வாங்கோ" என்றேன். வந்தார். வெள்ளை வேட்டி, கையில் கடைப் பை. அவரை முன்வரிசையில் இருத்திவிட்டு, நான் கடைசியில், விளக்குப் போடுகிறவருக்குப் பக்கத்தில் இருந்தேன். மேடையை நான் பார்க்கவில்லை. அப்பாவின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் பாதி, முதலாளி கடை ஷட்டரை இழுத்து மூடுவதோடு முடிகிறது. விளக்குகள் எரிய, ஆட்கள் இடைவேளைக்கு எழும்பினார்கள். அப்பாவுக்கு ஷட்டர் விழுந்தால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். வாழ்நாள் முழுக்க அப்படித்தான். நாடகமும் முடிந்துவிட்டது என்று நினைத்து விறுவிறென்று மேடையில் ஏறினார். கூட்டம் கலைவதற்குள் போர்த்த வேண்டுமே. பையிலிருந்து பொன்னாடையை எடுத்து உதறி விரித்துக்கொண்டு, "பிள்ளை, இஞ்ச வா" என்று என்னை அழைத்தார்.

வெளியே போனவர்கள் திரும்பி நின்றார்கள். இதுவும் நாடகத்தில் வருகிறது என்று நினைத்துச் சிலர் மறுபடி இருந்தார்கள். யாரோ சிரித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அப்பா மேல் அல்ல, சிரித்தவர்கள் மேல். மண்டபம் முழுக்கப் பார்த்திருக்க, நடுவழியால் நடந்துபோய் அவர் முன்னால் நின்றேன்.

போர்த்தினார். புத்தம் புதிய பொன்னாடை. அப்படியொரு கரையை எங்கள் கடைத் தட்டில் நான் கண்டதேயில்லை. கைதட்டல் எழுந்தது.

"அப்பா, இன்னும் முடியேல்லை. பாதி இருக்கு" என்றேன் மெதுவாக.

ஷட்டரைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் வெட்கப்பட்டார். பிறகு என் தோளில் மடிப்பைச் சரிசெய்தபடி சொன்னார்: "இருக்கட்டும். மிச்சப் பாதி எப்படிப் போனாலும், இதைக் கடைக்குத் திருப்பிக் கொண்டு வந்திடாதை. நான் எடுக்க மாட்டன்."