இடப்பக்கத்துப் பெடல்

உள்ளறையில் ஸ்பானர் விழுந்து ணங்கென்றது. கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த அண்ணனின் முகத்தில் நிம்மதி பரவியது. பெடல் இன்னும் கழலவில்லை.

கழலாவிட்டால் அட்டைப்பெட்டி மூடாது. மூடாத பெட்டியை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். விடிந்தால் பயணம்.

தங்கை எலும்பு முறிவு வார்டில் நர்ஸ், நோயாளிகளுக்குக் ‘கட்டுக்காரம்மா’. கணவர் போன பிறகு மகளை ஒற்றை ஆளாக வளர்த்துக் கல்யாணம் செய்துகொடுத்தவள், கையோடு நெடும்பயண சைக்கிள் ஒன்று வாங்கினாள். எத்தனையோ பேரை எழுந்து நடக்க வைத்தவள் தனக்கென்று ஓரிடமும் போனதில்லை. இப்போது கடல் கடந்து, ஓர் ஆற்றங்கரைச் சாலை முழுக்கத் தன்னந்தனியாக ஓட்டப் போகிறாள்.

அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தார். முன்சக்கரம் கழற்றி, ஹேண்டில்பாரைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி, பல்சக்கரத்துக்குப் பஞ்சு வைத்து, ஆபரேஷன் முடிந்த நோயாளியாகச் சைக்கிள் படுத்திருந்தது. இடப்பக்கத்துப் பெடல் மட்டும் விறைத்துக்கொண்டு நின்றது.

“சாயங்காலத்துலேருந்து திருகுறேண்ணே. அசைய மாட்டேங்குது.”

வார்டில் யார் அலறினாலும் கலங்காதவளின் கண் கலங்கியது. அண்ணனுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இவள் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு யார் போடுவது? பாசத்தைப் பசி வென்றது.

பெடலில் ஊற்றிப் பார்க்கத் தங்கை சுடுதண்ணீர் எடுக்கப் போனாள். அண்ணன் ஸ்பானரை மாட்டி, முடுக்கும் பக்கமாக முழு பலத்தையும் போட்டார். இனி கடவுளே வந்தாலும் கழலக் கூடாது.

பெடல் இளகியது. பதறிப்போய் இன்னும் முடுக்கினார். முடுக்க முடுக்க இளகி, கடைசியில் கையோடு வந்துவிட்டது.

இடப்பக்கத்துப் பெடலுக்கு மரை தலைகீழ். கழற்றுவதாக நினைத்துத் தங்கை முடுக்கியிருந்தாள். முடுக்க வந்தவர் கழற்றிவிட்டார்.

திரும்பி வந்த தங்கை பெடலைப் பார்த்தாள். அண்ணனின் முழியையும் பார்த்தாள். மாத்திரை விழுங்கியதாகச் சாதிக்கும் நோயாளிகளைத் தினமும் பார்க்கிறவள். எல்லாம் புரிந்துவிட்டது.

“தங்கச்சி போகணும்னு என்ன வேகம்ணே உனக்கு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாராட்டை மறுக்க வழியில்லை. பெட்டியின் மூடியை அண்ணனே அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. அவள் டேப் ஒட்டினாள். விடியற்காலையில் காரோடு வருவதாகவும் அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டாள்.

வாசலில் செருப்பை மாட்டியபடி அவர் மெல்ல இழுத்தார். “அப்போ ஞாயித்துக்கிழமை...”

“எம்பொண்ணுட்ட சொல்லிட்டேன். பிரஷர் இருக்கில்ல, உப்பில்லாமத் தனியா வைப்பா.”

அண்ணன் படியிறங்கினார். அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்து நின்றுவிட்டு, கதவைச் சாத்தினாள்.